1911 பிஸ்டலில் கிரிப் பலகை ஆடுகிறது: எல்லாத் திருகையும் இறுக்கிவிடலாமா?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது .45 ஏசிபி குண்டு போடும் 1911 வகை பிஸ்டல். இடப்பக்கக் கிரிப் பலகை, அதாவது கைப்பிடியின் பக்கத்தை மூடும் பலகை, ஆடுகிறதாம். இறுக்கினால் நூறு குண்டு வரை தாங்குகிறது, அப்புறம் பழைய கதைதான். போன முறை திருகைக் கழற்றும்போது அதன் அடியில் இருந்த, மரை போட்ட சின்ன வளையமும் கூடவே சுழன்று வெளியே வந்துவிட்டது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே எங்கோ கடகடவென்று சத்தம். போதாக்குறைக்கு, தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்பான சேஃப்டியைத் தள்ளினால் முன்பு கேட்ட ‘டக்’ இப்போது கேட்பதில்லை. “எல்லா இடத்திலும் சிவப்பு மரைப் பசை போட்டு ஒரேயடியாக இறுக்கிவிடலாமா?” என்று கேட்கிறார். திருகு கழலாமல் மரையில் பூசும் பசை அது, சிவப்பு அதில் வலுவான வகை.

வேண்டாம். கிரிப் பலகை உங்களுக்கு எரிச்சல் தருகிறது, சரி. ஆனால் கவலைப்பட வேண்டியது அந்த ‘டக்’ காணாமல் போனதைப் பற்றி. கடகடப்போ பெரும்பாலும் கண்டுகொள்ளவே தேவையில்லாதது. ஒரு பாகம் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது, அது ஆடலாமா கூடாதா என்பது. ஆடக்கூடாது என்றால், இதுவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது எது? மரையா, பின்னா, அடித்து மலர்த்திய உலோகமா, ஸ்பிரிங்கின் அழுத்தமா, வெறும் பொருத்தத்தின் இறுக்கமா? பிடி எதுவோ, வைத்தியமும் அதற்குத்தான். பழைய முறையில் செய்த 1911இல் திருகு என்று சொல்லத்தக்கவை கிரிப் பலகைகளைப் பிடிக்கும் நான்கு மட்டுமே. மற்ற எல்லாம் வேறு வழிகளில்தான் நிற்கின்றன. அதனால் “எல்லாத் திருகையும் இறுக்கு” என்பது இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாத யோசனை.

கை வைக்கும் முன் ஒரு சடங்கு. முதலில் குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கைப்பிடியிலிருந்து உருவுங்கள். அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியை, இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், இருந்த குண்டு வெளியே போய், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவுங்கள். குண்டுகள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். பழுது பார்க்கும்போது நாம் ட்ரிகரைப் பலமுறை அழுத்துவோம், அதுவும் வேறு எதையோ யோசித்துக்கொண்டு. ஒரு போன் வந்து எழுந்து போய்த் திரும்பினாலும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துப்பாக்கியில் பாயக் காத்திருக்கும் ஸ்பிரிங்குகள் நிறைய.

இப்போது அந்த வளையத்துக்கு வருவோம். அதன் பெயர் கிரிப் திருகு புஷ்ஷிங். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு. புஷ்ஷிங் ஃபிரேமுக்குள், அதாவது துப்பாக்கியின் உடல் சட்டத்துக்குள், மரையாகப் போய் நிற்கும், திருகு புஷ்ஷிங்குக்குள் மரையாகப் போய் நிற்கும். ஆக ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மரை. வெளி மரை மிகவும் நுண்ணியது, அங்குலத்துக்கு 60 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 0.42 மில்லிமீட்டர்தான். உள்ளே திருகுக்கு 50 சுற்று. திருப்புளியைத் திருப்பும்போது இந்த இரண்டில் எது இளப்பமோ அது முதலில் கழன்றுவரும். உங்களுக்கு நடந்தது அதுதான்: திருகு புஷ்ஷிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, புஷ்ஷிங் ஃபிரேமை விட்டுவிட்டது.

இந்த நிலையில் திருகின் மேல் சிவப்புப் பசை போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திருகும் புஷ்ஷிங்கும் ஒரே பொருளாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது ஃபிரேமின் அந்த நுண்ணிய மரையைத்தான் தேய்த்துக்கொண்டு வெளியே வரும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. துப்பாக்கி வேலையைக் கற்றுக்கொண்ட புதிதில் என் சொந்தப் பிஸ்டலில் நானே செய்தேன். மூன்றாம் முறை கழற்றியபோது புஷ்ஷிங்கின் மேல் வெள்ளிக்கம்பி மாதிரி ஒரு சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. அது ஃபிரேமின் மரை. இதற்கென்றே சற்றுப் பெரிய அளவில் புஷ்ஷிங் கிடைக்கிறது, புது மரை வெட்டிப் போட்டுச் சமாளித்தேன். ஆனால் அந்த வாய்ப்பு ஒரு துளைக்கு ஒரு தடவைதான்.

அதனால் கணக்கு எளிது: ஃபிரேமில் புஷ்ஷிங் நிற்கும் வலிமை அதிகமாகவும், புஷ்ஷிங்கில் திருகு நிற்கும் வலிமை குறைவாகவும் இருக்க வேண்டும். சிவப்புப் பசைக்கு இடம் உண்டென்றால் அது புஷ்ஷிங்கின் வெளி மரையில் மட்டும். ஒட்டிக்கொண்டு வந்த திருகையும் புஷ்ஷிங்கையும் முதலில் பிரியுங்கள். புஷ்ஷிங்கை இடுக்கியால் பிடித்தால் அதன் மரை நசுங்கும். ஒரு மரத்துண்டில் இறுக்கமான துளை போட்டு, அதில் புஷ்ஷிங்கைச் செருகி, மரத்தோடு சேர்த்து வைஸில் பிடித்துத் திருகைக் கழற்றலாம். பிறகு ஃபிரேமின் துளையையும் புஷ்ஷிங்கையும் அசிட்டோனோ ஆல்கஹாலோ போட்டு எண்ணெய் போகத் துடைத்து உலர விடுங்கள். பாதிப் பேர் தவறும் இடம் இது. துப்பாக்கி என்றால் எங்கும் எண்ணெய்தான், எண்ணெயின் மேல் பசை பிடிக்காது. எண்ணெய் ஓரளவு இருந்தாலும் பிடிக்கும் வகைகள் வந்துவிட்டன, இருந்தாலும் துடைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு பொட்டுப் பசை போதும். புஷ்ஷிங்கைப் போடத் தனியாக ஒரு கருவி உண்டு, புஷ்ஷிங்கின் தலையில் இருக்கும் பிளவில் அது சரியாக உட்காரும். முதல் இரண்டு சுற்றுகளை விரலால் போடுங்கள். நேராகப் போகாமல் கோணலாகப் பிடித்தால் உடனே பின்வாங்குங்கள். முழுதும் இறுக 24 மணி நேரம் விடுங்கள்.

போட்ட புஷ்ஷிங் மேகசின் போகும் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். நீட்டினால் மேகசின் உரசும், பட்டனை அழுத்தினாலும் தானாக விழாது. பசை உள்பக்கம் வழிந்திருந்தாலும் இதே கூத்துதான். சில பட்டறைகளில் பசையே போடாமல், உள்பக்கத்திலிருந்து புஷ்ஷிங்கின் விளிம்பை அடித்து மலர்த்தி நிறுத்துவார்கள். பழைய முறை, நல்ல முறை. ஆனால் அதற்கான கருவி இல்லாமல் ஆணியை வைத்து அடிக்கக் கூடாது.

திருகுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். அதன் தலைக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் ஓ-வளையம் போட்டாலே பெரும்பாலும் போதும். ரப்பர் அழுந்தி எதிர்த்துத் தள்ளுவதால் திருகு தானாகச் சுழலாது. அல்லது ஊதா நிறப் பசை, அது சின்னத் திருகுகளுக்கென்றே உள்ள இளகிய வகை. இறுக்கம் எவ்வளவு என்றால், திருப்புளியை மூன்று விரலால் பிடித்து, திருகு உட்கார்ந்த பிறகு இன்னும் கொஞ்சம். உள்ளங்கை முழுதையும் கொடுத்துத் திருப்பினால் மரப்பலகை நசுங்கும் அல்லது பிளக்கும். திருப்புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் கிடக்கும் தட்டைத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும், பிளவின் மேல் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கும். துப்பாக்கித் திருகுக்கு நுனியின் இரு பக்கமும் இணையாக, பிளவை நிரப்பி உட்காரும் திருப்புளி வேண்டும். கீறல் விழுந்த திருகுத் தலைகளைப் பார்த்தாலே அந்தத் துப்பாக்கியின் வரலாறு தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் திருகு கல்லாக இறுகி, பலகை மட்டும் ஆடுகிறதா? அப்படியென்றால் திருகின் தலை பலகையை அழுத்தவில்லை, புஷ்ஷிங்கின் முகத்தில் போய் முட்டி நிற்கிறது. பலகையின் துளைக்குள் புஷ்ஷிங் உயர்ந்திருப்பதால் வருவது இது. மெல்லிய பலகைகளுக்குக் குட்டையான புஷ்ஷிங்கும் குட்டையான திருகும் தனியாக உண்டு. பழைய பலகையைக் கழற்றிவிட்டு அழகுக்காக மெல்லியதை மாட்டியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும். மரப்பலகை காய்ந்து சுருங்கியிருந்தாலும் இதே நிலைதான். எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை, அளவைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, கவலைப்பட வேண்டிய விஷயம். இடப்பக்கப் பலகையைக் கழற்றிய கையோடு, அதன் மேல் விளிம்பை ஒட்டி ஃபிரேமில் படுத்திருக்கும் சின்னக் குழாயைப் பாருங்கள். பிளஞ்சர் குழாய். உள்ளே ஒரே ஸ்பிரிங், இரு முனையிலும் இரண்டு சின்ன முளைகள். முன்முளை, மேகசின் காலியானதும் ஸ்லைடைப் பின்னால் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்பைத் தள்ளிக் கீழே வைத்திருக்கிறது. பின்முளை சேஃப்டியின் குழியில் போய் விழுந்து, மேலே (சுட முடியாத நிலையில்) இருந்தால் மேலேயும் கீழே (சுடும் நிலையில்) இருந்தால் கீழேயும் நிறுத்துகிறது. நீங்கள் சொன்ன ‘டக்’ அந்த முளை குழியில் விழும் சத்தம்தான்.

இந்தக் குழாயைத் திருகோ பின்னோ பிடிக்கவில்லை. அதற்கு இரண்டு குட்டைக் கால்கள் உண்டு. அவை ஃபிரேமின் துளைகள் வழியாக மேகசின் குழிக்குள் போகும், அங்கே அவற்றின் முனையை அடித்து மலர்த்தியிருப்பார்கள். அவ்வளவுதான் பிடி. பல பலகைகளில் மேல் விளிம்பு குழாயின் மேல் சற்றே படிந்து, அதை ஃபிரேமோடு அணைத்துக்கொள்ளும்படி செதுக்கியிருக்கும். அதாவது இடப்பக்கப் பலகை ஆட ஆரம்பித்தால், குழாய்க்கு இருந்த கூடுதல் ஆதரவும் போய்விடுகிறது. உங்கள் பலகையும் ‘டக்’கும் ஒரே காலத்தில் கெட்டது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். வலப்பக்கப் பலகை ஆடுவதற்கும் இடப்பக்கம் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒன்று கைக்குத் தொல்லை, மற்றது சேஃப்டிக்குத் தொல்லை.

குழாய் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க நகத்தை வைத்து அசைப்பார்கள். மயிரிழை அசைவு அதில் தெரியாது. குழாய் ஃபிரேமைத் தொடும் கோட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே துடைத்துவிடுங்கள். இப்போது குழாயின் முனைகளை மாற்றி மாற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அந்தக் கோட்டில் எண்ணெய் கசிந்து வெளியே வந்து உள்ளே போனால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குழாய் அசைகிறது என்று அர்த்தம். மேகசின் குழிக்குள் விளக்கடித்துக் கால்களின் மலர்ச்சி முழுதாக இருக்கிறதா, ஒரு பக்கம் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அசைந்தால் துப்பாக்கியைச் சுடுவதை அன்றோடு நிறுத்துங்கள். குழாய் ஃபிரேமிலிருந்து விலகினால் பின்முளை இடம் மாறும். சேஃப்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அல்லது மேலே போனது கீழே இறங்காது. தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு இரண்டாவது மோசம், மற்ற எல்லோருக்கும் முதலாவது மோசம். முன்பக்கமும் சும்மா இராது. ஸ்லைடு ஸ்டாப்பைக் கீழே பிடிக்கும் அழுத்தம் குறைந்தால், மேகசினில் குண்டு இருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ளலாம். “சில நேரம் காரணமே இல்லாமல் ஸ்லைடு திறந்து நிற்கிறது” என்று புலம்புகிறவர்கள் மேகசினைச் சந்தேகிப்பதோடு இந்தக் குழாயையும் ஒருமுறை பார்க்கலாம்.

சரிசெய்வதை மட்டும் பட்டறைக்கு விடுங்கள். வேலை சின்னதுதான், ஆனால் அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். வெளியே குழாயைத் தாங்கிக்கொண்டே உள்ளே கால்களை மலர்த்தும் கருவி அது. அடிக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க அதன் துளைக்குள் சரியான தடிமனில் ஒரு எஃகுக் கம்பியையும் செருகி வைப்பார்கள். வெறும் சுத்தியலும் குத்துளியும் வைத்து முயன்றால் குழாய் சப்பையாகி, ஸ்பிரிங் உள்ளே சிக்கும். அப்புறம் பட்டறைக்காரருக்கு இரட்டை வேலை. கால்கள் ஒருமுறை நன்றாகத் தளர்ந்த குழாயை மறுபடி மலர்த்துவதைவிடப் புதுக் குழாய் போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். விலை அற்பம். பசை போட்டு ஒட்டுவதைப் பற்றிக் கேட்காதீர்கள். மலர்த்திய கால்களுக்குத் துணையாகப் பசை இருக்கலாம், பதிலாக இருக்க முடியாது. ரூகர் எஸ்ஆர்1911 போன்ற சிலவற்றில் இந்தக் குழாய் ஃபிரேமோடு ஒரே துண்டாகவே வருகிறது. அவற்றில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை.

அடுத்து, கடகடப்பு. 1911ஐக் குலுக்கினால் சத்தம் வரத்தான் செய்யும். மேகசின் தன் குழியில் ஆடும், கைப்பிடியின் பின்னால் உள்ளங்கை அழுத்தும் கிரிப் சேஃப்டி ஆடும், ட்ரிகர் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும், ஸ்லைடுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு அமெரிக்க ராணுவத்தில் ஏற்கப்பட்டது 1911 மார்ச் 29 அன்று. அதற்கு முந்தைய சோதனையில் 6,000 குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள், சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். அப்படி ஓட வேண்டுமென்றால் மண்ணும் கரியும் போய்ச் சேர இடம் இருக்க வேண்டும். ராணுவத்துக்குச் செய்த பிஸ்டல்கள் லொடலொடத்தது அதனால்தான். போட்டிக்குச் சுடுகிறவர்கள் ஸ்லைடை இறுக்கமாகப் பொருத்திக்கொள்வது வேறு தேவைக்காக. மேகசினைக் கழற்றிவிட்டு, கிரிப்பைச் சரியாகப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் முக்கால்வாசி அடங்கிவிட்டால் அதை மறந்துவிடலாம். நெகிழி ஃபிரேம் பிஸ்டல் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருவார்கள். அங்கே ஸ்லைடு பக்கவாட்டில் ஆடுவது இன்னும் சகஜம்.

குழல் விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு. ஸ்லைடு மூடியிருக்கும்போது, மேலே திறப்பில் தெரியும் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். நன்றாகப் பொருத்திய துப்பாக்கியில் அசையாது. ராணுவ வகையில் சற்று அமுங்கலாம், ஆனால் விட்டவுடன் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் குண்டும் அப்படித்தான் போகும். குழலின் முன்முனையைத் தாங்கும் வளையமான குழல் புஷ்ஷிங் தளர்ந்திருந்தால் குறி சிதறும், வேறு ஆபத்து பெரிதாக இல்லை.

ஆனால் ஸ்லைடின் பின்முகத்தில் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, ஃபயரிங் பின் ஸ்டாப். அதன் தளர்வைப் பலரும் கவனிப்பதில்லை. குண்டைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னையும், சுட்ட பின் காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் பின்னாலிருந்து பிடிப்பது இதுதான். இது தொளதொளவென்று இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள் கடிகார முள் மாதிரிக் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். திரும்பினால் காலிக் கூட்டைப் பிடிக்கும் கோணம் மாறும். கூடு ஒருமுறை வலப்பக்கம் போகும், ஒருமுறை உங்கள் நெற்றிக்கு வரும். ஸ்லைடைப் பின்னாலிருந்து பார்த்தால் எக்ஸ்ட்ராக்டரின் வட்ட முனை சாய்ந்திருப்பது தெரியும். தட்டே கீழே இறங்கிவிட்டால், ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலான ஹேமரில் முட்டி ஸ்லைடு நின்றுவிடும். இதற்கு வைத்தியம் பசையல்ல. சற்றுப் பெரிதாக வரும் தட்டை வாங்கி, அரம் போட்டுப் பொருத்த வேண்டும்.

குறிபார்க்க ஸ்லைடின் மேல் முன்னால் இருக்கும் முன்குறி ஆடினால் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே முழு அளவு 1911இல் சுமார் 165 மில்லிமீட்டர். முன்குறி 0.3 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால், 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் இடப்பக்கம் போகும். நகத்தின் தடிமன் கூட நகரவில்லை, இலக்கில் மூன்று விரல் அகலம் போய்விட்டது. “நேற்று வரை நன்றாகச் சுட்டேன்” என்கிறவர் கையைச் சந்தேகிக்கும் முன் குறியை ஆட்டிப் பார்க்கட்டும். பழைய மாதிரியில் முன்குறியின் கால் ஸ்லைடின் துளை வழியாக இறங்கி, உள்ளே அடித்து மலர்த்தப்பட்டிருக்கும். அது தளர்ந்தால் ஒருநாள் பறந்தே போகும். பட்டறையில் குறுக்கே காடி வெட்டி, அதில் இறுகப் போகும் குறியாக மாற்றிக்கொள்வது நிரந்தர வழி. காடியில் தளர்ந்த குறிக்கு, காடியின் தரையில் குத்துளியால் சில புள்ளிகள் குத்தி மேடாக்கி இறுக்குவது ஒரு கைவைத்தியம். அடுத்த வாரப் போட்டி வரைக்கும் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஸ்லைடின் மேல் ரெட் டாட் குறி (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் மின்குறி) மாட்டியவர்களுக்குத்தான் உண்மையில் திருகுத் தொல்லை அதிகம். ஸ்லைடு ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் ஓடி அறைந்து நின்று, முன்னால் ஓடி மறுபடி அறைந்து நிற்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பொருளைப் பிடிப்பது இரண்டே குட்டித் திருகுகள். எண்ணெய் போகத் துடைத்து, நடுத்தர வலிமையுள்ள நீலப் பசை ஒரு பொட்டு வைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு விசைக்கு இறுக்க வேண்டும். அது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், கை மதிப்பில் எல்லோரும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். திருகு நீளமாகிவிடவும் கூடாது. சில ஸ்லைடுகளில் ஒரு திருகுக்கு நேர் கீழே எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் பிளஞ்சரின் வழி ஓடுகிறது. நீளத் திருகு அதில் போய் முட்டினால் கூடு வெளியேறாது. குறியை மாட்டிய மறுநாள் துப்பாக்கி திக்கத் தொடங்கினால் அங்கே பாருங்கள்.

திருகு ஏன்தான் கழல்கிறது? 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனையில் காட்டினார்: திருகின் அச்சு வழியாக வரும் அதிர்வைவிட, இறுக்கிய இரண்டு பரப்புகள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அசைவுதான் மரையைச் சுழற்றிக் கழற்றுகிறது. வழுக்கல் இல்லையென்றால் கழல்வதும் இல்லை. திருகு கழலாமலிருக்கப் போடும், ஓரிடத்தில் வெட்டிய ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் தோற்றுப்போனது. மரைப் பசை வேலை செய்வது மரைகளின் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி அந்த அசைவை அடைப்பதால். 1953இல் வெர்னன் கிரீபில் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய லாக்டைட்தான் இந்த வகைக்கு முன்னோடி. காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும், காற்று அடைபட்டு உலோகத்தைத் தொட்டால் இறுகும். பாட்டில் முழுதும் நிரம்பாமல் வருகிறதே என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள், உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்டெயின்லெஸ் எஃகில் மெதுவாக இறுகும், பொறுமை வேண்டும். சில வகை நெகிழிகளில் பட்டால் வெடிப்பு விழவைக்கும், எனவே நெகிழி ஃபிரேம் பக்கம் வழிய விடாதீர்கள். சிவப்பு வகையைக் கழற்ற ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. புஷ்ஷிங்கை எடுக்க வேண்டி வந்தால் சால்டரிங் அயர்ன் முனையை அதில் மட்டும் வையுங்கள். அலுமினிய ஃபிரேமில் தீ காட்டவே கூடாது, உலோகத்தின் வலிமை போய்விடும்.

இன்னொன்று. பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தால் பாகங்களைவிட்டு, ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். முழு அளவு .45க்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு வலிமை. சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் முன்னால் போகும்போது, ஸ்லைடு பின்னால் வரும் வேகத்தைத் தணிப்பதில் இதற்கும் ஹேமர் ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு. இது களைத்துவிட்டால் ஸ்லைடு ஃபிரேமை இன்னும் பலமாக அறையும், எல்லா மரையும் எல்லா மலர்த்தலும் அந்த அறையை வாங்கும். காலிக் கூடுகள் முன்பைவிடத் தூரம் போய் விழுகின்றன என்றால் அது ஒரு அறிகுறி. நூறு குண்டுக்கு ஒருமுறை பலகை தளர்வதாகச் சொன்னீர்களே, ஸ்பிரிங் எப்போது மாற்றினீர்கள்?

ஹேமர், அதை ஏற்றிய நிலையில் பிடித்து வைக்கும் சியர், ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு மட்டும் போக வைக்கும் டிஸ்கனெக்டர், இந்தப் பக்கம் எது தளர்ந்ததாகத் தோன்றினாலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஸ்லைடை விட்டவுடன் ஹேமரும் கூடவே இறங்குகிறது, ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு போகிறது, சேஃப்டி மேலே இருந்தும் ட்ரிகரை அழுத்தினால் ஹேமர் அசைகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேகசினை எடுத்து, காலி செய்து, பட்டறைக்கு.

பட்டறையிலிருந்து குழாய் சரியாகி வந்ததும் காலித் துப்பாக்கியில் இதைச் செய்யுங்கள். ஹேமரை ஏற்றி, சேஃப்டியை மேலே தள்ளி, ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். ஹேமர் விழக் கூடாது. பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை இறக்குங்கள், அப்போதும் விழக் கூடாது. ஹேமரைக் காதருகே வைத்து மெல்லப் பின்னால் இழுங்கள். சின்னதாக ஒரு ‘கிளிக்’ கேட்டால், சேஃப்டி மேலே இருந்தபோதே சியர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று பொருள், திரும்பவும் பட்டறைக்குத்தான். கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகரை இழுத்தும் பாருங்கள், அப்போதும் ஹேமர் விழக் கூடாது.

எல்லாம் சரியென்றால் சுடுதளத்தில் முதலில் மேகசினில் இரண்டு குண்டு மட்டும் போட்டுச் சுடுங்கள். புறப்படும் முன் நான்கு கிரிப் திருகுகளிலும் தலையிலிருந்து பலகை வரை வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். ஐம்பது குண்டுக்குப் பிறகு கோடு உடையாமல் இருந்தால் திருகு நகரவில்லை. கோடு உடையாமலே பலகை ஆடினால் மேலே சொன்ன புஷ்ஷிங் உயரத்தை அளந்து பாருங்கள்.